அறுபத்து நான்காவது ஆளுக்கு ஒரு பாவாடை

கோர்ட்டுக் கதவில் ஆணியடித்து மாட்டியிருந்த தாளில் அறுபத்து மூன்று பெயர்கள் இருந்தன. மூன்று வாரமாக அதே அறுபத்து மூன்றுதான். கவர்னரிடமிருந்து வந்த உத்தரவில் குழப்பம் எதுவும் இல்லை. அறுபத்து நான்கு சிப்பாய் இருந்தால் அது ஒரு கம்பெனி, பத்து கம்பெனி சேர்ந்தால் ஒரு ரெஜிமென்ட். ஒரு ஆள் குறைந்தாலும் துப்பாக்கி கிடையாது, ரயில் கிடையாது. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் எண்ணிக்கை நிரம்பவில்லை என்றால், இருப்பவர்களைப் பிரித்துப் பக்கத்து மாவட்டத்துக் கம்பெனிகளுக்குப் பங்கு போட்டுவிடுவார்கள். பங்கு போட்டால் லியாண்டர் ஹார்டவே கேப்டன் ஆக முடியாது. பெயருக்கு முன்னால் 'கேப்டன்' என்று அச்சடித்த காகிதம் அவர் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. சாம்பல் நிறப் பட்டாளக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தும் ஆயிற்று.

வசந்தத்தில் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் போர் மூண்டு முதல் கம்பெனி புறப்பட்டபோது கதையே வேறு. ஜார்ஜியா முழுக்க ஆண்பிள்ளைகள் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல அடித்துப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். இடம் கிடைக்காதவர்கள் அழுதார்கள். பிறகு வர்ஜீனியா முகாமிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. எதிரியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தட்டம்மை வந்து பதினொரு பேரை வாரிக்கொண்டு போயிருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் இரண்டாவது கம்பெனிக்குத் தம்பட்டம் அடித்தபோது ஊரில் மிச்சமிருந்த ஆண்களுக்குத் திடீரென்று தங்கள் வயலில் சோளம் விளைந்திருப்பது ஞாபகம் வந்தது.

லுரேனா டில்மனின் புருஷன் லவிக்கும் அப்படி ஞாபகம் வந்தவர்களில் ஒருவன்தான். ஆனால் அவனைப் பற்றி யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள் என்று அவள் உறுதியாக நம்பியிருந்தாள். அவள் ஐந்து மாதக் கர்ப்பம். இதற்கு முன் இரண்டு குழந்தைகள் பிறந்த வாரமே போய்விட்டன. லவிக்கின் தம்பி ஈலம் அந்தத் தட்டம்மைப் பதினொரு பேரில் ஒருவன். இதையெல்லாம் அவள் மிசஸ் ஹார்டவேயிடம் சொன்னபோது அந்த அம்மாள் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "உன் வீட்டுக்காரருக்கு நியாயமான காரணம் இருக்கும்மா, அவர யாரு கேக்கப்போறா" என்றிருந்தாள். பெரிய வீட்டுக்காரி சொன்ன வார்த்தையை லுரேனா பத்திரத்தில் எழுதி வாங்கியதுபோல வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெரிய வீட்டுக் கூடத்தில் உட்கார இடம் கிடைத்ததே அவளுக்கு இந்தப் போரால்தான். நாற்பது ஏக்கர் செம்மண், ஒரு கோவேறு கழுதை, அடிமை என்று ஒருவர்கூட இல்லாத வீடு. ஒன்றாவது வாங்கவேண்டும் என்ற ஆசை மட்டும் உண்டு. மற்ற காலத்தில் அவள் அந்த வீட்டுக்கு முட்டை விற்கப் பின்பக்கமாகப் போவாள். இப்போது கம்பெனிக்குச் சட்டை தைக்கவேண்டும், கொடி தைக்கவேண்டும். அவள் கைத்தையல் மாதிரி அந்த மாவட்டத்தில் இன்னொரு கை கிடையாது. அதனால் முன்வாசல் வழியாக வரச்சொல்லி, பட்டு மெத்தை போட்ட நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவள் முதுகு நாற்காலியில் படாமல் நேராக உட்கார்ந்திருப்பாள்.

வியாழக்கிழமை பிற்பகல். ஆறேழு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். கதவோரத்தில் தரையில் துணியை விரித்து வைனி வெட்டிக்கொண்டிருந்தாள். வைனி ஹார்டவே வீட்டு அடிமை. முப்பது வயதிருக்கும். அளவைச் சொன்னால் போதும், கோடு போடாமலே கத்தரி வைப்பாள்.

"பக்கத்து மாவட்டத்துல என்ன பண்ணாங்க தெரியுமா?" என்றாள் மிசஸ் ஹார்டவே. "பேர் குடுக்காத ஆம்பளைங்க வீட்டுக்கு ஆளுக்கொரு பாவாடை தச்சு அனுப்பினாங்களாம். மறுநாள் காலைல கோர்ட்டு வாசல்ல வரிசை நின்னுச்சாம்."

கடைக்காரர் மனைவி சஃப்ரோனி வாயில் வைத்திருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "நம்ம ஊர்ல யாருக்கு அனுப்புறது? மிச்சம் இருக்கறது கிழடும் நொண்டியும்தான். ஆங், விம்பிஷ் வாத்தியார் இருக்காரே."

கூடமே சிரித்தது. விம்பிஷ் வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு போகிறவர். தவளை குறுக்கே வந்தால் நின்று வழிவிடுவார். அவருக்குப் பாவாடை என்றால் லுரேனாவுக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

மிசஸ் ஹார்டவே ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பேரு எதுக்கு இப்ப? லுரேனா, இது உன் கையாலதான் ஆகணும். இந்த மாதிரி ஒரு பாவாடைய அந்த ஆள் ஜென்மத்துக்கும் மறக்கக்கூடாது."

நல்ல நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட சீட்டித் துணியை எடுத்துப் போட்டாள். அளவு எழுதிய துண்டுத்தாளையும் கொடுத்தாள். ஜூலை மாதம் ஊர்ப்படைக் கவாத்து நடந்தபோது பதினெட்டிலிருந்து நாற்பத்தைந்து வயதுவரை எல்லா ஆண்களுக்கும் கோட்டுக்கு அளவெடுத்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து எடுத்த அளவு. இடுப்பு முப்பத்தெட்டு அங்குலம்.

"சும்மா பாவாடையாவா அனுப்புறது?" என்றாள் லுரேனா. அத்தனை பேர் முன்னால் முதல் தடவையாக அவளுக்குப் பேச்சு வந்தது. "இடுப்புப் பட்டில சிவப்பு நூல்ல எழுத்து தைக்கிறேன். 'வீட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் கண்ணே'ன்னு."

சஃப்ரோனி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மிசஸ் ஹார்டவே எழுந்து வந்து லுரேனாவின் தோளில் கைவைத்தாள். "உனக்குள்ள இவ்வளவு இருக்கா?" அந்தக் கை அவள் தோளில் இருந்த நேரம் முழுக்க லுரேனாவுக்கு மனசு குளிர்ந்து போயிருந்தது. ஒருவனை ஊர் முன்னால் கேவலப்படுத்தப் போகிறோம் என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் உறுத்தல் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

துணியையும் தாளையும் எடுத்துக்கொண்டு வைனியிடம் போய்க் குனிந்தாள். வைனிக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். தாளைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தாமல், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"வாத்தியாரு இடுப்புக்கு இது ரொம்பப் பெருசும்மா. இது ஏர் பிடிக்கிறவங்க இடுப்பு."

லுரேனாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சொன்னது என்ன என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை. யார் சொன்னது என்பதுதான் ஏறியது. வெள்ளைக்காரன் இடுப்பைப் பற்றி ஒரு கறுப்பி தன்னிடம், ஏதோ கூடப் பிறந்தவள்போலக் குசுகுசுக்கிறாள். மிசஸ் ஹார்டவேயிடம் இப்படிப் பேசுவாளா? சஃப்ரோனியிடம் பேசுவாளா? முட்டைக்காரி என்பதால்தானே இந்தச் சலுகை?

நிமிர்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "மிசஸ் ஹார்டவே, உங்க வைனி எங்கிட்ட ஆம்பளைங்க இடுப்பைப் பத்திப் பேசறா."

கூடத்தில் ஊசிகள் நின்றன. "என்ன சொன்னா?" என்று கேட்டாள் மிசஸ் ஹார்டவே. அவள் குரல் கொஞ்சம் அவசரமாக வந்தது.

"இது வாத்தியார் இடுப்பு இல்லையாம்."

மிசஸ் ஹார்டவே வைனியை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "போய் ஓவர்சியரப் பாரு வைனி. பத்துன்னு நான் சொன்னதா சொல்லு."

வைனி கத்தரியைத் துணிமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். தனக்கு விழவேண்டிய அடியின் கணக்கை, அடிமைகளைச் சாட்டையோடு மேய்க்கும் ஓவர்சியரிடம் தன் வாயாலேயே போய்ச் சொல்லவேண்டும், அந்த வீட்டு வழக்கம் அது. ஆகஸ்ட் வெக்கைக்கு ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. பித்தளைப் பொத்தானா, மரப் பொத்தானா என்று சஃப்ரோனி சத்தமாகப் பேச்சை ஆரம்பித்தாள். எல்லாரும் சத்தமாகவே பதில் சொன்னார்கள். லுரேனா பெட்டியில் இருந்த மூன்று சிவப்பில் எது எடுப்பாகத் தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம் கழித்து வைனி திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து வெட்டினாள்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது லுரேனா அதை லவிக்கிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். லவிக் பகல் முழுக்கச் சோளத் தோகை உரித்து, கையெல்லாம் கீறலோடு உட்கார்ந்து, சோளரொட்டியை மோரில் பிட்டுப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெரிய உடம்பு. மெதுவாகத்தான் பேசுவான், மெதுவாகத்தான் சிரிப்பான்.

"பாவம்டி அந்த மனுஷன்," என்றான். "ஆனா பாவாடை நல்லா உழைக்கும். நீ தச்சது எது கிழிஞ்சிருக்கு?"

"வாத்தியார் அதக் கட்டிட்டு ஆத்துல துணி தொவைக்கப் போகட்டும்."

"என்னையும் ஒருநாள் கேப்பாங்க பாரு."

"உங்கள யாரு கேப்பா? மிசஸ் ஹார்டவே வாயாலயே சொல்லிட்டாங்க."

"ஹார்டவேக்குப் பருத்தி இருக்கு, தொண்ணூறு அடிமை இருக்கு. அதக் காப்பாத்த அவர் போறது நியாயம். எங்கிட்ட ஒரு கழுதைதான் இருக்கு. அத வடக்கத்தியான் வந்து பிடுங்க மாட்டான்." மோரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான். "ஈலம் ஒரு குண்டுகூட சுடல. வைக்கோல்ல படுத்து உடம்பெல்லாம் கொப்புளமாகிச் செத்தான். இந்தப் புள்ள பொறந்து முகம் பாக்குற வரைக்கும் நான் நகர மாட்டேன்." அவள் வயிற்றில் கையை வைத்துவிட்டு எழுந்து போனான். அவள் உண்டானதிலிருந்து தண்ணீர் வாளியைக்கூட அவன் அவளைத் தூக்கவிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார், கூப்பிட்டும் போருக்கு வராமல் சாபம் வாங்கிய பைபிள் ஊர் ஒன்றைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். பேசும்போது யாரையும் பார்க்கவில்லை, ஆனால் எல்லாரும் யாரையோ பார்த்துக்கொண்டார்கள். விம்பிஷ் வாத்தியார் தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். லுரேனா வேடிக்கையை எதிர்பார்த்துச் சஃப்ரோனியின் விலாவில் இடித்தாள். சஃப்ரோனி திரும்பவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே ஓக் மர நிழலுக்கு வந்ததும், ஹார்டவே வீட்டுச் சமையல்காரன் ஐஷம் நாடா கட்டிய ஒரு பெட்டியோடு வண்டிக்குப் பின்னாலிருந்து வந்தான். வாத்தியாரைத் தாண்டி நடந்தான். லவிக்கின் முன்னால் போய் நின்று, பெட்டியை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"இந்த ஊர்ப் பெண்களோட அன்பளிப்பு, மிஸ்டர் டில்மன்," என்றாள் மிசஸ் ஹார்டவே.

லவிக் சட்டை என்று நினைத்தானோ என்னவோ, நன்றி சொன்னான். நாடாவைப் பொறுமையாக அவிழ்த்தான். துணியைத் தூக்கிப் பிடித்தபோது அது முழு நீளத்துக்கும் விரிந்து தொங்கியது. யாரோ ஒருவர் இடுப்புப் பட்டியில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார். சிரிப்பு மரத்தடியிலிருந்து கிளம்பிக் குதிரைகள் கட்டியிருந்த இடம்வரை போனது. குழந்தைகள்கூடச் சிரித்தன. விம்பிஷ் வாத்தியார்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். தப்பித்தவன் சிரிப்பு அது.

கேப்டன் ஹார்டவே முன்னால் வந்தார். "கோவப்படாதீங்க டில்மன். தையலப் பாருங்க. நீங்க போகணும்னு உங்க வீட்லயே நெனக்கிறாங்க."

லவிக் தையலைப் பார்த்தான். ஏழு வருஷமாக அவன் உடம்பில் கிடக்கும் தையல். பட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் இடுப்பில் வைத்தான். சரியாக இருந்தது. பிறகு அதை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தான். லுரேனா பின்னால் ஓடினாள். 

வீட்டுக்கு வந்ததும் அவன் கழுதையை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டு, முற்றத்தில் நின்றபடியே கேட்டான்.

"ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். அத நான் தாங்கிப்பேன். அவங்க சிரிக்கிறதுக்காக ஒருத்தன் சாக முடியாது. ஆனா நீ என்னப் போகச் சொல்றியா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும். நீ சொல்லலேன்னா நான் இங்கயே இருக்கேன். நீயே சொல்றேன்னா அப்புறம் நான் யாருக்காக இங்க இருக்கணும்?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. வாத்தியாருக்குன்னுதான் தச்சேன். அன்னிக்கே உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்ன. சிரிச்சிட்டே சொன்ன. எனக்கு முன்கூட்டியே தெரியட்டும்னு சொன்னியோ என்னவோ."

"அய்யோ, இல்லங்க."

"பட்டி எத்தன அங்குலம் லுரேனா?"

அவள் பார்வை அவன் இடுப்புக்குப் போனது.

"ஏழு வருஷமா எனக்குக் கால்சட்டை தைக்கிற. முப்பத்தெட்டுன்னு எழுதி கைல குடுத்தாங்க. அது யார் இடுப்புன்னு உனக்குத் தெரியலயா?"

 அவள் உண்மையிலேயே பார்க்கவில்லை. அந்தக் கூடமும் அந்த நாற்காலியும் தோளில் விழுந்த கையும் அவள் கண்ணை மறைத்திருந்தன. ஆனால் அதை எப்படிச் சொல்வது? என்னைப் புகழ்ந்தார்கள், அதனால் உன் அளவை மறந்துவிட்டேன் என்று எந்தப் பெண்டாட்டி சொல்வாள்?  லவிக் கொட்டகைக்குப் போய்ச் சோளத்தட்டைமேல் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை அவன் கோவிலுக்குப் போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டபோதுதான் அவளுக்கு வைனி ஞாபகம் வந்தாள். வாத்தியாரைப் பற்றி எல்லாரும் சிரித்ததையும், லுரேனா அதை வாத்தியாருக்கென்றே நம்பியதையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். கூடத்தில் இருந்த மற்ற யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சனிக்கிழமைக்குள் சஃப்ரோனி உட்பட அவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது, அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது.

"வைனியக் கேளுங்க," என்றாள் வண்டியைப் பிடித்துக்கொண்டு. "அவ துணி வெட்டினவ. எனக்குத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அவள ஒரு வார்த்த கேளுங்க."

லவிக் கடிவாளத்தைத் தளர்த்தினான். "சரி. கேக்கறேன்," என்றான். அவன் முகம் லேசாகத் தெளிந்தது. அவனுக்கும் அவள் சொல்வதை நம்பத்தான் ஆசை.

கோர்ட்டு மைதானத்தில் குழிவெட்டி ஆறு பன்றிகளை வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. அந்தப் பக்கத்தில் படைக்கு ஆள் சேர்ப்பதற்கு ஒரு முறை உண்டு. தம்பட்டக்காரர் மைதானத்தை மூன்று சுற்று வருவார். விருப்பம் உள்ளவர்கள் கூட்டத்திலிருந்து விலகி அவர் பின்னால் நடக்கத் தொடங்கினால் போதும், அதுவே கையெழுத்து. தாளெல்லாம் பிறகுதான். முதல் சுற்றில் யாரும் போகவில்லை.

வைனி தகரத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாலடி தள்ளி மிசஸ் ஹார்டவே வெள்ளைக் கையுறையோடு நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். லுரேனா லவிக்கின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நின்றதும் கூட்டம் வாசனை பிடித்துவிட்டது. கேப்டனும் வந்தார்.

"வைனி," என்றாள் லுரேனா. மூச்சு வாங்கியது. "அன்னிக்கு நடந்தத இவர்கிட்ட சொல்லு."

கேப்டன் சிரித்தார். "அடிமை சாட்சி சொல்றதா? எந்தக் கோர்ட்ல செல்லும் அது?"

"இது கோர்ட்டு இல்ல," என்றான் லவிக். வைனியைப் பார்த்துக் கேட்டான். "இந்தப் பாவாடையப் பத்தி நீ இவகிட்ட ஏதாவது சொன்னியா?"

வைனி மிசஸ் ஹார்டவேயை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். "சொன்னேங்கய்யா."

"என்ன சொன்ன?"

"வாத்தியாரு இடுப்பு இல்லன்னு சொன்னேங்க. ஏர் பிடிக்கிறவங்க இடுப்புன்னு சொன்னேங்க."

லவிக்கின் முகம் மாறியது. "தைக்கிறதுக்கு முன்னாடியா, தச்ச பிறகா?"

"முன்னாடிங்க."

"அதுக்கு இவ என்ன பண்ணா?"

"மிசஸ்கிட்ட சொன்னாங்க."

"அப்புறம்?"

"பத்து அடி வாங்கினேங்க."

லவிக் லுரேனாவைத் திரும்பிப் பார்த்தான்.  "அப்படி இல்லங்க," என்றாள். "அவ என்ன சொன்னான்னு நான் காதுலயே வாங்கல. அவ வெள்ளைக்கார ஆம்பளைங்க இடுப்பப் பத்திப் பேசினாளேன்னு கோவம். அதுக்குத்தான் சொன்னேன். அதுக்காக மட்டும்தான்."

"சரியாத்தானே பண்ணியிருக்கா," என்றது கூட்டத்தில் ஒரு குரல். "பின்ன, விட்டுவைப்பாங்களா?" என்றது இன்னொன்று. சுற்றி இருந்த அத்தனை பெண்களும் தலையாட்டினார்கள். அவள் சொன்ன காரணத்தை அந்த மைதானமே நியாயம் என்று ஏற்றுக்கொண்டது. வேறொரு நாளாக இருந்தால் லவிக்கும் ஏற்றுக்கொண்டிருப்பான். அவளுக்கு வேண்டியிருந்தது அவன் ஒருவன் நம்புவது. அவன் நம்பவில்லை.

"சொன்னவளுக்கு அடி வாங்கிக் குடுத்து வாய அடச்சிட்டு, தச்சு முடிச்சிருக்க," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "சிவப்பு நூல் எடுக்கப் பொறுமை இருந்திருக்கு உனக்கு."

"உங்க புள்ளமேல சத்தியம்."

"அத இழுக்காத," என்றான் லவிக்.

தம்பட்டம் இரண்டாவது சுற்று வந்தது. லவிக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அதன் பின்னால் நடந்தான். அவள் கோட்டு நுனியைப் பிடித்தாள். அவன் நிற்கவில்லை, உதறவும் இல்லை. கூட்டத்தின் நெரிசலில் துணி அவள் விரலை விட்டுப் போய்விட்டது. அவன் எதிர்ப் பக்கம் போய்ச் சேருவதற்குள் கேப்டன் "அறுபத்து நாலு" என்று கத்தினார். தொப்பிகள் மேலே பறந்தன. தாளில் அவன் பெயர் எழுதும்போது, ரயில் நிலையத்துக்கு வண்டிகள் உடனே கிளம்பும் என்று அறிவித்தார்கள்.

மிசஸ் ஹார்டவே லுரேனாவைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "எல்லாரும் பாருங்க. தன் புருஷனுக்குத் தன் கையாலயே தச்சு அனுப்பின பொண்ணு இவ." பெண்கள் கைதட்டினார்கள். சஃப்ரோனி அழவே அழுதாள். ஒருத்தி தன் தலையில் இருந்த பூவை எடுத்து லுரேனாவின் சட்டையில் குத்திவிட்டாள். லுரேனாவுக்கு அந்த முகங்களில் ஒவ்வொன்றாக அறையவேண்டும்போல இருந்தது. கையைத் தூக்கக்கூட முடியவில்லை.

அவர்கள் நகர்ந்ததும் அவள் வைனியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏன்டி முழுசா சொல்லல? வாத்தியார்னு நெனச்சுத்தான் தச்சேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியுங்கம்மா."

"அப்புறம் ஏன் வாய மூடிட்டு நின்ன?"

"அவரு அதக் கேக்கலீங்க. மிசஸ் பக்கத்துலயே நின்னாங்க. கேட்டதுக்குமேல ஒரு வார்த்த பேசினா திரும்பவும் பத்துன்னு அன்னிக்கே சொல்லிட்டாங்க. முதுகு இன்னும் ஆறலம்மா."

"அப்ப அன்னிக்கு மட்டும் எதுக்கு எங்கிட்ட வந்து சொன்ன? என் புருஷன் போனா உனக்கென்ன?"

வைனி மைதானத்து ஓரத்தைப் பார்த்தாள். அங்கே ஐஷம் கேப்டனின் டிரங்குப் பெட்டியை வண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான். அவன் தோளில் அவனுடைய சின்ன மூட்டையும் தொங்கியது.

"கம்பெனி நெறஞ்சா கேப்டன் போவாரு. அவர் போனா சமைக்கவும் பூட்ஸ் துடைக்கவும் ஐஷம் கூடவே போகணும். ஐஷம் என் வீட்டுக்காரரும்மா. ஒரே ஒரு ஆள் கொறஞ்சிருந்தா உங்க வீட்டுக்காரரும் இங்க இருந்திருப்பாரு, என் வீட்டுக்காரரும் இங்க இருந்திருப்பாரு. நீங்க புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

லுரேனா பிடித்திருந்த கையை விட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து மிசஸ் ஹார்டவே வைனியைக் கூப்பிட்டாள். வண்டி கிளம்புவதற்குள் சிப்பாய்களுக்கு இறைச்சி பரிமாறவேண்டும். வைனி தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.